சண்டை மீன் ஏன் சண்டை போடுகிறது?

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் என் தங்கை மகன் எங்கள் லோபாக் வீட்டுக்கு வந்தான். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு கைகளிலும் இரண்டு பிளாஸ்டிக் குவளைகள். ஒன்றில் நீல மீன், இன்னொன்றில் சிவப்பு மீன். இரவுச் சந்தையில் அம்மாவை நச்சரித்து வாங்கியிருக்கிறான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டான்:

"மாமா, ரெண்டையும் ஒரே போத்தல்ல விட்டுச் சண்டை பார்க்கலாமா? வீடியோ எடுத்துக் கூட்டாளிங்களுக்கு அனுப்பணும்."

"கூடாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். என் வீட்டில் விட மாட்டான். அவன் வீட்டுக்குப் போய் விடுவான். அதுமட்டுமல்ல, அவனைக் கண்டிக்க எனக்கு என்ன தகுதி என்றும் தோன்றியது. அவன் வயதில் நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? குவளைகளுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தை நிறுத்தி வைத்து, அவனை உட்காரச் சொல்லி, என் கதையைச் சொன்னேன். அதையே இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

நுரையைப் பார்த்து மீன் பிடித்த காலம்

நான் வளர்ந்தது சிரம்பானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதைத் தாண்டினால் பாசாக்காடு என்று நாங்கள் சொல்லும் சதுப்பு நிலம். பள்ளி விட்டு வந்ததும் பையன்கள் எல்லாரும் அங்கேதான் கிடப்போம். சண்டை மீன் எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. புல் மண்டிய ஓரத்தில், இலைக்கு அடியில் வெள்ளையாக நுரை மிதந்தால், அதற்குக் கீழே மீன் நிற்கும். இரண்டு கைகளையும் குவித்து, நுரையோடு சேர்த்து ஒரே அள்ளு. மற்ற மீன்கள் நிழல் பட்டாலே ஓடிவிடும். இது ஓடாது. அதனால்தான் சண்டை மீன் பிடிப்பது சுலபம் என்று எங்களுக்குள் பெருமை பேசிக்கொள்வோம்.

பிடித்ததை ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டு, கட்டிலுக்கு அடியில் இருட்டில் வைப்போம். ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்துப் பக்கம் சண்டை நடக்கும். சின்னப் பையன்களுக்குக் கோலி பந்தயம். பெரிய பையன்களுக்குக் காசு.

ஒருநாள் அப்படி அள்ளிக்கொண்டு வரும்போது பக்கத்து வீட்டுத் தாத்தா கூப்பிட்டார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். என் கையில் ஒட்டியிருந்த நுரையை விரலால் தொட்டு, வெயிலில் பிடித்துக் காட்டினார். "உள்ளே பாரு" என்றார். நுரைக்குமிழ்களுக்கு நடுவில் கறுப்புப் புள்ளிகள். கண்கள். பொரிந்தும் பொரியாமலும் இருந்த குஞ்சுகள்.

"நீ மீன் பிடிக்கலடா. புள்ளைங்களுக்குக் காவல் நின்ன அப்பனைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கே" என்றார்.

ஓடிப்போய் மீனைத் திரும்ப விட்டேன். நுரையை அந்த இடத்தில் கழுவி விட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது நுரையும் இல்லை, மீனும் இல்லை. அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. அதற்குப் பிறகும் சில மாதங்கள் சண்டை விட்டிருக்கிறேன். ஆனால் அது ஏன் ஓடாமல் நின்றது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதை மறக்க முடியவில்லை.

ஒரு மீன், பல பெயர்கள்

என் தங்கை மகன் கொண்டுவந்தது தாய்லாந்து மீன். சயாம் என்று நம் தாத்தா, பாட்டி சொன்ன அதே நாடு. தாய்லாந்தின் நடுப்பகுதியில், சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியில், வயல்களிலும் குட்டைகளிலும் வாய்க்கால்களிலும் வாழ்வது இதன் மூல இனம். தாய் மொழியில் இதன் பெயர் 'ப்ளா காட்'. கடிக்கும் மீன் என்று பொருள். 2019 பிப்ரவரி 5-ஆம் தேதி தாய்லாந்து அமைச்சரவை இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

அறிவியல் பெயர் வந்த கதையில் நம் பினாங்குக்கும் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தியோடர் கேன்டர் என்ற டென்மார்க்காரர், 1849-இல் மலாயா மீன்களைப் பட்டியலிட்டார். பினாங்கில் கிடைத்த ஒரு மீனுக்கு 'பக்னாக்ஸ்' என்று பெயர் கொடுத்தார். சண்டைக்காரன் என்று அர்த்தம். சயாமில் சண்டைக்கு விடும் மீனும் இதன் ஒரு வகைதான் என்று எழுதிவிட்டார். இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று 1910-இல் கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் டேட் ரீகன் என்ற ஆங்கிலேய மீனியல் அறிஞர். சயாம் மீனுக்கு அவர் வைத்த பெயர் 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்'. ஒளி வீசும் பெட்டா. 'பெட்டா' என்பது அதற்கு முன்பே, 1850-இல், பத்தாவியாவில் இருந்த பீட்டர் பிளீக்கர் என்ற டச்சு மருத்துவர் ஜாவா மக்கள் சொன்ன பெயரிலிருந்து எடுத்தது.

அப்படியானால் நான் தோட்டத்துக் கால்வாயில் பிடித்தது எது? அநேகமாக அது சயாம் மீனின் நெருங்கிய உறவான 'பெட்டா இம்பெலிஸ்'. நம் தீபகற்பத்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்வது. கறுத்த உடம்பு, நீலப்பச்சை மினுமினுப்பு, வாலின் ஓரத்தில் பிறை போல ஒரு சிவப்புக் கோடு. 1975-இல்தான் ஜெர்மன் அறிஞர் லாடிகெஸ் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தார். 'இம்பெலிஸ்' என்றால் போர்க்குணம் இல்லாதது. நாங்கள் பந்தயம் கட்டிச் சண்டைக்கு விட்ட மீனுக்கு அறிவியல் கொடுத்திருக்கும் பெயர் இது!

கேன்டரின் பினாங்கு மீனும் நம் நாட்டு ஓடைகளில் இன்னும் இருக்கிறது. ஓடும் நீரில் நுரை நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் அந்த இனத்து ஆண், முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. 'சண்டைக்காரன்' என்று பெயர் வாங்கிய மீன், பிள்ளைகளை வாயில் சுமந்துகொண்டு இரை எடுக்காமல் காத்திருக்கும் மீன்.

நீரில் மூழ்கிச் சாகும் மீன்

"மாமா, இந்தக் குவளைக்குள்ள மோட்டாரே இல்லாம எப்படி மூச்சு விடுது?" என்று கேட்டான் மருமகன். நல்ல கேள்வி.

சண்டை மீனுக்குச் செவுளோடு இன்னொரு மூச்சு உறுப்பும் உண்டு. தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக மெல்லிய எலும்புத் தகடுகள். அவற்றைப் போர்த்திய தோலில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடும். மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால், அந்த மடிப்புகள் காற்றிலிருந்து நேரடியாக உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். சிக்கலான பாதை போல இருப்பதால் இதை 'லேபிரிந்த்' உறுப்பு என்பார்கள். குஞ்சு பொரிந்தவுடன் இது இருக்காது. சில வாரங்கள் கழித்துத்தான் உருவாகும். வளர்ந்த மீனை மேலே வரவிடாமல் தடுத்தால், நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

ஏன் இப்படி? தேங்கிய நீர், வெயிலில் சூடேறிய நீர், இலைகள் அழுகிய நீர் ஆகியவற்றில் கரைந்த உயிர்வளி மிகக் குறைவு. மற்ற மீன்கள் திணறும் இடத்தில் இவை தாக்குப்பிடிக்கும். நாம் கருவாடாக வறுத்துச் சாப்பிடும் செப்பாட், குழம்புக்குப் போகும் புயு இரண்டும் இந்த உறுப்பு உள்ள உறவுக்கார மீன்களே. புயுவைத் தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்கள். 1791-இல் தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்ற டென்மார்க் நாட்டு அதிகாரி, பனைமரத்தில் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் அந்த மீனைப் பிடித்ததாக எழுதிவைத்தார். உண்மையிலேயே அது பனை ஏறியதா, பறவை கொண்டுவந்து போட்டதா என்று பிறகு பலர் விவாதித்தார்கள். ஆனால் நீரை விட்டு வெளியே வந்தும் அது உயிரோடு இருக்கும், ஈரத் தரையில் நகர்ந்தும் போகும் என்பதில் சந்தேகமில்லை.

சின்னக் குவளையில் சண்டை மீன் சாகாமல் இருப்பதற்கும் இந்த உறுப்புதான் காரணம். ஆனால் சாகாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, சின்னக் குவளையில் சீக்கிரமே நஞ்சாகிவிடும். காற்றை விழுங்கி மூச்சு விடலாம். நஞ்சான நீரிலிருந்து தப்பிக்க முடியாது.

வீடு கட்டுவது அப்பா

இப்போது அந்த நுரைக்கு வருவோம். ஆண் மீன் மேலே வந்து காற்றை விழுங்கி, வாயில் சுரக்கும் வழவழப்பைச் சேர்த்து, குமிழ் குமிழாக ஊதி ஒட்டும். பெரும்பாலும் மிதக்கும் இலைக்கு அடியில். கூடு தயாரானதும் பெண்ணை அழைக்கும். சம்மதமுள்ள பெண்ணின் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரியும். ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ள, முட்டைகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். அவை மிதக்காது. சின்ன வெள்ளை மணிகளாக அடியை நோக்கி இறங்கும். ஆண் பாய்ந்து போய் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, மேலே கொண்டுவந்து நுரைக்குள் வைக்கும். இப்படி மணிக்கணக்கில் நடக்கும்.

அது முடிந்ததும் பெண்ணை விரட்டிவிடும். பெண் முட்டைகளைத் தின்றுவிடலாம் என்பதுதான் காரணம். சதுப்பு நிலத்தில் பெண் விலகிப் போய்விடும். போத்தலில் போக இடமில்லை; அதனால்தான் அங்கே பெண் மீன் கடிபட்டுச் சாகிறது.

ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் இன்னும் இரண்டு மூன்று நாள் நுரையில் வால் தொங்கத் தொங்கியபடி இருக்கும். கீழே விழுந்ததை அப்பா எடுத்து மறுபடி வைக்கும். உடைந்த குமிழ்களுக்குப் பதில் புதிதாக ஊதும். காற்று உள்ள இடத்தை ஒட்டியே பிள்ளைகளை வைத்திருப்பதால்தான் அந்தத் தேங்கிய நீரில் அவை பிழைக்கின்றன.

சண்டையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கூட்டை நெருங்கும் எதுவும் முட்டைக்கு ஆபத்து. அதனால் ஆண் மீன் செவுள் மூடிகளை விரித்து, துடுப்புகளை அகட்டி, தன்னை இருமடங்கு பெரிதாகக் காட்டும். அந்த மிரட்டலிலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். வந்தவன் போய்விடுவான். காட்டு மீனுக்குச் சண்டை என்பது சில நிமிட விஷயம். தோற்றவன் ஓட இடம் இருக்கும். ஜெயித்தவன் துரத்திக்கொண்டு போகமாட்டான், கூடு காத்துக் கிடக்கிறதே!

மணிக்கணக்கில் விடாமல் கடித்துக்கொள்ளும் மீன் மனிதன் உருவாக்கியது. ஜெயித்த மீனையே பொறுக்கி, அதன் வாரிசுகளை வளர்த்து, அவற்றிலும் ஜெயித்ததைப் பொறுக்கி, பல தலைமுறைகளாகச் செய்த வேலை. பின்னாளில் அழகுக்காக வளர்த்தவர்கள் நீண்ட வாலையும் நிறங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். இரவுச் சந்தைக் குவளையில் இருப்பது அதுதான். 2020-இல் நொரிஹிரோ ஒகாடா குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. ஒரு மணி நேரம் சண்டையிட்ட இரண்டு மீன்களின் மூளையில், மரபணுக்கள் இயங்கும் விதம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதாம். கடிப்பதும், நிறுத்தி மூச்சு வாங்க மேலே வருவதும்கூட ஒரு தாளத்தில் நடக்கின்றன. காவலுக்காக வந்த குணத்தை நாம் எவ்வளவு தூரம் இழுத்துவிட்டோம் என்று நினைத்துப் பாருங்கள்.

வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது?

இதையெல்லாம் கேட்ட மருமகன் உடனே ஒரு முடிவுக்கு வந்தான். "அப்போ ரெண்டையும் லிங்கி ஆத்துல விட்டுடலாம் மாமா, பாவம்." நல்ல மனசுதான். ஆனால் அதுவும் கூடாது.

நீண்ட வாலோடு, பளிச்சென்ற நிறத்தோடு உள்ள மீன் ஆற்றில் வேகமாக நீந்தவும் முடியாது, ஒளியவும் முடியாது. தப்பிப் பிழைத்தால் வேறு சிக்கல். வளர்ப்புச் சண்டை மீன்கள் நெருங்கிய காட்டு இனங்களோடு கலக்கும். 2022-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, அப்படிக் கலப்பு நடந்திருப்பதை உறுதி செய்தது. ஏற்கெனவே சதுப்புகள் மண் கொட்டி மேடாகின்றன. கால்வாய்கள் சிமெண்டாகின்றன. நான் மீன் பிடித்த பாசாக்காடும் இன்றைக்கு ஒரு தாமான்தான். மிச்சமிருக்கும் நம் ஊர் மீனையும் கலப்பால் இழக்க வேண்டாம். வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்; ஆற்றிலும் கால்வாயிலும் விடாதீர்கள்.

வளர்ப்பதாக இருந்தால் சில விஷயங்கள்:

ஒரு தொட்டியில் ஓர் ஆண் மீன் மட்டும். குவளையும் போத்தலும் வேண்டாம். குறைந்தது பத்து லிட்டர் நீராவது பிடிக்கும் தொட்டி இருக்கட்டும்.

குழாய் நீரை அப்படியே ஊற்றாதீர்கள். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சில சொட்டு விடுங்கள். நீரை முழுவதும் மாற்றாமல், வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

மேலே மூடி போடுங்கள், குதிக்கும். ஆனால் நீருக்கும் மூடிக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளி வேண்டும்.

நம் வெப்பநிலையே அதற்குப் போதும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் வைக்காதீர்கள்.

காய்ந்த கெத்தாப்பாங் இலை, அதாவது நாட்டு வாதுமை இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். நீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம். சதுப்பு நீரும் அப்படித்தான் இருக்கும்.

தீனி கொஞ்சமாகப் போதும். மிச்சம் அழுகினால் நீர் கெடும். கொசுப்புழு அதற்கு விருந்து.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்.

அன்று இரவு சிவப்பு மீன் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. நீலத்தை அவன் எடுத்துக்கொண்டு போனான். என் தங்கை பழைய தொட்டி ஒன்றைத் தேடிக் கழுவிக் கொடுத்திருக்கிறாள். போன புதன்கிழமை அவனிடமிருந்து அழைப்பு.

"மாமா, நீல மீனு நுரை கட்டியிருக்கு! அம்மா அழுக்குன்னு நினைச்சுக் கரண்டியால எடுக்க வந்தாங்க. நான் விடல. ஆனா உள்ள முட்டை ஒண்ணும் இல்லையே?"

பெண் மீன் இல்லாவிட்டாலும் ஆண் கூடு கட்டும் என்று சொன்னேன். "யாருக்காக மாமா?" என்றான். யாராவது வந்தால் தயாராக இருக்கட்டும் என்றுதான் கட்டுகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் சண்டை இல்லை. நீல மீன் மேலே வருகிறது, ஒரு குமிழை ஊதி ஒட்டுகிறது, கீழே போகிறது, மறுபடி வருகிறது. கூட்டாளிகளுக்கும் அதையே அனுப்பிவிட்டானாம்.